வீணைக்குப் பலா: வெட்டிய பிறகு விலை பேசுங்கள்

கேள்வி: பண்ருட்டி அருகே எங்கள் தோப்பில் தாத்தா வைத்த பலா நிற்கிறது. மார்பளவில் சுற்றளவு 6 அடி, கவை வரை 10 அடி. நான்கு வீணை தேறும் என்று சொல்லி, நிற்கும் மரத்துக்கே ஒரு வியாபாரி மொத்த விலை பேசுகிறார். நம்பலாமா? இன்னும் காய்க்கிறது. 'தானே' புயலில் ஒரு கிளை முறிந்தது.

பதில்: முறிந்த கிளையைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். 2011 டிசம்பரில் பட்ட காயம் மூடாதிருந்தால், அத்தனை மழையும் அதன் வழியே இறங்கியிருக்கும். கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். பொந்து இருந்தால் ஓசை காட்டிக்கொடுக்கும்.

நான்கு என்பது வியாபாரியின் நாக்குக் கணக்கு. நாலரை அடியில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றையும் நடு நெஞ்சு வழியே நீளவாக்கில் பிளந்தால் நான்கு. ஆனால் பலா அடிமரத்திலேயே காய்ப்பது. காம்பு விட்ட முடிச்சுகளில் இழை சுழிந்திருக்கும். நன்றாகக் காய்த்த மரம் ஏகாந்த வீணைக்கு, அதாவது ஒரே துண்டில் குடையும் வீணைக்கு, அவ்வளவாக உதவாது. எனக்கு இரண்டு தேறினாலே வியப்பு.

கன அடி காண, சுற்றளவை நடுமரத்தில் அளக்க வேண்டும். அங்கும் 72 அங்குலம் என்றே வைத்தால், கால் பங்கு 18. 18ஐ 18ஆல் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2.25, பத்தடிக்கு 22.5 கன அடி. இந்த வாய்பாடே உருண்டை மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குபவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது. அதற்கு மேலும் 'கழிவு' கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். வீணைக்கு வேண்டியதோ உள்ளே இருக்கும் மஞ்சள் வைரக்கட்டை மட்டும். பட்டையும் அதை ஒட்டிய வெள்ளைக் கட்டையும் சேர்ந்து பக்கத்துக்கு 2 அங்குலம் போனால் மிஞ்சுவது 15.3 கன அடிதான்.

எத்தனை முறை சொன்னாலும் யாரும் செய்யாத வேலை ஒன்று உண்டு: வெட்டிய அன்றே, மறுநாள் அல்ல, இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ கெட்டியாகப் பூசுங்கள். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட முனை வழியாகத்தான் விரைந்து வெளியேறும். முனை முதலில் சுருங்கி வெடிக்கும். இரு பக்கமும் ஒவ்வோர் அடி வெடித்தால் 8 அடிதான் மிச்சம், ஒரு துண்டு போயிற்று. வெயிலில் போட்டு வைத்து, வெடித்த பிறகு வந்து பாதி விலைக்குக் கேட்கும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். நிற்கும் மரத்துக்கு மொத்த விலை பேசுபவரும் அந்த வகைதான். விற்பதானால் வெட்டி, முனையைப் பார்த்து, நீங்களே டேப் பிடித்து, கன அடிக்கு விலை சொல்லுங்கள்.

தட்டும்போது ஓசை மந்தமாக வந்தால் வெட்டவே வேண்டாம். பொந்து விழுந்த பலாவும் காய்க்கும். முறிந்த இடத்தைச் சீவிவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுங்கள்.