அந்தக் கடைசிச் சுற்றுகள்

கேள்வி: 2011-இல் அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தில் டிரெவர் பெய்ன் ஜெயித்தது வெறும் அதிர்ஷ்டம்தானே? முன்னால் போனவருக்குத் தண்டனை கிடைத்தது, இவர் புகுந்துவிட்டார். அப்புறம் அந்தப் பந்தயம் அடங்கிய நாஸ்கார் கப் தொடரில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லையே!

பதில்: முதலிடம் கைக்கு வந்தது அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். கடைசிக் கட்டத்தில் முன்னணியில் இருந்த டேவிட் ரேகன், பந்தயம் மறுபடி தொடங்கியபோது தொடக்கக் கோட்டைத் தாண்டும் முன்பே தடம் மாறினார். அதற்குத் தண்டனை விழுந்தது. அவருக்குப் பின்னால் இருந்த பெய்ன் முன்னால் வந்தார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தீர்களா? தளத்துக்குப் புதிதாகத் தார் போட்டிருந்ததால் அந்த வருடம் டேடோனாவில் கார்கள் வேகத்துக்காக இரண்டு இரண்டாக, ஒன்றன்பின் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடின. பின்னால் இருப்பவர் முன்காரின் பம்பரில் முட்டித் தள்ளிக்கொண்டே வரவேண்டும். அவருக்கு எதிரே சாலை தெரியாது. எஞ்சினுக்குக் காற்றும் சரியாகக் கிடைக்காது, சூடேறிவிடும். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது இப்படித் தள்ளவும் தள்ளப்படவும், அந்த இன்னொருவர் உங்களை நம்ப வேண்டும். பெய்னுக்கு அது இரண்டாவது கப் பந்தயம். 20 வயது நிறைந்து ஒரே ஒரு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அதே வாரம் தகுதிப் பந்தயத்தில் ஜெஃப் கார்டன் போன்ற மூத்தவர் இந்தப் பையனோடு ஜோடி சேர்ந்து ஓட்டினார். தெரியாதவனை நம்பி யாரும் அப்படி ஓட்ட மாட்டார்கள்.

கடைசியில் பாபி லபான்டி பின்னாலிருந்து தள்ள, கார்ல் எட்வர்ட்ஸ் பாய்ந்து வர, பெய்ன் வழியை விடாமல் பிடித்து 0.118 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதுவரை இந்தப் பந்தயத்தை மிக இளம் வயதில் வென்றவர் அதே ஜெஃப் கார்டன்தான், 1997-இல், 25 வயதில்.

அவர் ஓட்டிய 21-ஆம் எண் ஃபோர்டு, 1950-இல் தொடங்கிய உட் பிரதர்ஸ் அணியுடையது. 1976-இல் டேவிட் பியர்சன் ஜெயித்த பிறகு டேடோனா 500 அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. எந்தக் கப் பந்தயத்திலும் ஜெயித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. எல்லாப் பந்தயங்களுக்கும் கார் இறக்கக்கூட அப்போது அவர்களுக்கு வசதி இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அன்று என்ன கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"அப்புறம் ஜெயிக்கவில்லை" என்கிறீர்கள். வெற்றி பெற்ற சில மாதங்களிலேயே அவர் நோயில் விழுந்தார், சில பந்தயங்களை விட வேண்டியிருந்தது. 2013-இல் தனக்கு மல்ட்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று அவரே அறிவித்தார். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் அது. அந்த உடம்போடுதான் 2015 முதல் 2017 வரை மூன்று சீசன்கள் கப் தொடரில் முழுநேரமாக ஓட்டினார்.