கல் போச்சு, குழாய் எங்கே?

ஹட்டன் வாசகர்: இடது சிறுநீரகத்தின் கீழ் அறையில் 13 மில்லிமீற்றர் கல். வெளியிலிருந்து அதிர்வலை இரண்டு தடவை கொடுத்தும் உடையவில்லை. லேசரில் உடையுமா?

உடையும். சீ.ரீ. ஸ்கேனில் 1000 ஹவுன்ஸ்ஃபீல்டை (கல்லின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) தாண்டும் கல் அதிர்வலைக்கு இலகுவில் மசியாது. ஹோல்மியம் லேசருக்கு எந்தக் கல்லும் பொடிதான். உள்ளே பார்க்கும் வளையும் கருவியைச் சலவழியாகவே ஏற்றி, 200 மைக்ரோன் லேசர் இழையால் உடைப்பார்கள். கீழ் அறைக்குள் இழை வளைய மறுத்தால், கல்லைக் கூடையில் பிடித்து மேல் அறைக்குக் கொண்டுபோய் உடைப்பதும் உண்டு. வெட்டுமில்லை, தையலுமில்லை. ஆனால் சலத்தில் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. கிருமியோடு உடைத்தால் உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தத்தில் அது இரத்தத்தில் ஏறும். வீடு வந்தபின் குளிர்நடுக்கக் காய்ச்சலா? அன்றே ஆஸ்பத்திரி.

பண்டாரவளை: கல் 3 சென்ரிமீற்றர். முதுகில் துளை வேண்டாம், சலவழி லேசர்தான் வேண்டும்.

2 சென்ரிமீற்றருக்கு மேல் முதுகுத் துளைதான் முதல் தெரிவு. அடம்பிடித்தால் இரண்டு மூன்று தடவை மயக்க மருந்து ஏறும்.

மஸ்கெலியா: எனக்குக் கல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீற்றர், எந்த இடம்? ஒன்றும் எழுதாமல் பதில் கேட்டால் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். 4 மில்லிமீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் தானே இறங்கும். காய்ச்சலோடு விலாவலி என்றால் கடிதம் எழுத வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

தலவாக்கலை: லேசர் செய்து 5 மாதம். உள்ளே வைத்த குழாயை எடுக்கவில்லை. வலியில்லை. அப்படியே விடலாமா?

விடவே கூடாது. எத்தனை தடவைதான் எழுதுவது! டீ.ஜே. ஸ்டென்ட் என்பது 24, 26 சென்ரிமீற்றர் நீள மெல்லிய குழாய். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் சலப்பையில். வீக்கத்தில் பாதை அடைபடாதிருக்க ஒன்றிரண்டு கிழமைக்கு வைப்பது. 3 மாதம் தாண்டினால் பெரும்பாலும் குழாய் மேலேயே கல் படிந்திருக்கும், வலி சொல்லாமலே. நாளுக்குப் போயிருந்தால் ஜெல் போட்டு ஐந்து நிமிட வேலை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் குழாய் அறும், பாதை கிழியும். முதலில் எக்ஸ்ரே. படிவு இருந்தால் மறுபடி மயக்கம், மறுபடி லேசர். ஒரு நாள் பேர் (தோட்டத்து நாட்சம்பளம்) போகுமென்று தள்ளிப்போட்டவருக்கு ஒரு மாதப் பேர் போகிறது.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. குழாய் எடுக்கும் திகதியை டயக்னோசிஸ் கார்ட்டின் (ஆஸ்பத்திரி விடும்போது தரும் அட்டை) மூலையில் ஆங்கிலத்தில் கிறுக்கிக் கொடுத்தால் தோட்டத்து லய வீடுகளில் யார் வாசிப்பது? வார்டை விட்டு இறங்குமுன் "குழாய் வைத்தீர்களா, என்றைக்கு எடுப்பது?" என்று கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். கலண்டரில் வட்டம் போடுங்கள். குழாய் இருக்கும்வரை கொழுந்து மூட்டை தூக்கினால் சலம் சிவக்கும்; தண்ணீர் குடித்து ஓய்ந்திருந்தால் தெளியும். இரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி.

நுவரெலியா: பிளேன்ரீயால் கல் வருமா?

நாளுக்கு மூன்று நாலு கோப்பைக்குப் பயமில்லை. குளிரில் தாகம் தெரியாது, மலையில் கழிப்பிடம் கிடையாது. அதனால் பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். அதுதான் வினை. நாளுக்கு இரண்டரை லீற்றர் சலம் போக வேண்டும். கருவாட்டைக் குறையுங்கள், பாலை நிறுத்தாதீர்கள்.

நானுஓயா: எடுத்த கல் துண்டைப் பரிசோதனைக்குக் கொடுக்கவா?

கொடுங்கள். யூரிக் அமிலக் கல் என்றால் அடுத்தது வரும்போது சித்திரேற்று மருந்திலேயே (சலத்தின் அமிலத்தைக் குறைப்பது) கரைக்கப் பார்க்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது, ஸ்கேன்தான்.