மூலையில் போன முயல் மெத்தையில் போகிறது

கேள்வி: அக்கா, வணக்கம். மதுரையில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஆறாவது படிக்கிற பையன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு முயல் குட்டி வாங்கினோம். வெள்ளை நிறம், சிவப்புக் கண், பெயர் பஞ்சு. வாங்கும்போது ஒன்றரை மாதம் என்றார்கள், இப்போது ஐந்து மாதம் ஆகப்போகிறது. ஆரம்பத்தில் பின்பக்க வராந்தா மூலையில் போட்ட பேப்பரில்தான் எல்லாம் போகும், பழகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். மூன்று வாரமாக மெத்தை, சோபா, இவருடைய ஆபீஸ் பை, எல்லாவற்றிலும் மூத்திரம், வீடு முழுக்கப் புழுக்கை. போதாததற்கு ஓட்டம் வேறு. கூண்டுத் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்கிறது. கிரில் கேட் வழியாக இரண்டு தடவை வெளியே போய்விட்டது. போன ஞாயிறு சாயங்காலம் போனது மறுநாள் காலையில்தான் பக்கத்து வீட்டு சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கிடைத்தது. கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார், பையன் சாப்பிடாமல் அழுகிறான். இரண்டு அடி போட்டால் திருந்துமா, இல்லை கூண்டிலேயே பூட்டி வைத்துவிடலாமா? ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அடிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி அதுதான். நாய்க்குட்டியை அதட்டினால் அதற்கு ஏதோ புரியும், முயலுக்குப் புரியாது. உலகத்தில் பாதிப் பிராணிகளுக்கு இரையாகப் பிறந்த உயிர் அது, மேலிருந்து வருகிற கை அதற்குப் பருந்தின் கால் மாதிரிதான். ஒரு அடி போட்டால் மெத்தையில் போகக்கூடாது என்று அது கற்றுக்கொள்ளாது, உங்களைக் கண்டால் ஓட வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் அதைப் பிடிக்கவே முடியாது. அதன் எலும்பும் ரொம்ப லேசு. பிடிக்கும்போது திமிறிப் பின்னங்காலை உதைத்தாலே முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

பஞ்சு கெட்டுப்போகவில்லை, வயசுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முயல்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். அந்த நேரத்தில் 'இது என் இடம்' என்று சொல்ல ஆரம்பிக்கும், சொல்வதற்கு அதனிடம் இருப்பது மூத்திரமும் புழுக்கையும்தான். மெத்தையிலும் சோபாவிலும் ஆபீஸ் பையிலும் உங்கள் வாசம்தான் அதிகம், அதனால்தான் தேடித் தேடி அங்கே போகிறது. வெளியே ஓடுவதற்கும் காரணம் இதேதான், ஜோடி தேடுகிறது, இடம் தேடுகிறது. நீங்கள் இரண்டு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. வீட்டுக்குள் தனக்கென்று ஒரு இடம் உறுதியாக இருக்கிற முயல் அங்கேயே போகும், அங்கேயே திரும்பியும் வரும்.

அந்த இடத்தை எப்படிக் கொடுப்பது? முதலில் வீட்டைச் சுருக்குங்கள். இப்போது பஞ்சுவுக்கு மூன்று அறையும் திறந்து கிடக்கிறது, அத்தனை இடத்துக்கும் அது எல்லை போட வேண்டியிருக்கிறது. வராந்தாவில் ஆறடிக்கு நாலடி தடுத்து, இரண்டு மூன்று வாரம் அதற்குள் மட்டும் விடுங்கள். இது தண்டனை இல்லை, கூண்டில் பூட்டுவதும் இல்லை, கூண்டு கதவு திறந்தே இருக்கட்டும். தடுப்புக்குள் அது தானாக எந்த மூலையில் போகிறது என்று ஒருநாள் பார்த்து, அந்த மூலையிலேயே டிரேயை வையுங்கள். நமக்கு வசதியான மூலை இதுதான் என்று நாம் அடம் பிடித்தால் நடக்காது, மூலையைத் தேர்ந்தெடுப்பது முயல்தான்.

டிரே என்று தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டாம், துணி நனைக்கிற அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். உள்ளே ஏறி உட்கார்ந்து முழுசாகத் திரும்ப முடிகிற அளவு இருக்க வேண்டும், ஒரு பக்க விளிம்பு தாழ்வாக இருந்தால் நல்லது. அடியில் நாலைந்து மடிப்பு நியூஸ்பேப்பர், அதன்மேல் காய்ந்த புல் அல்லது வைக்கோல். பூனைக்கு விற்கிற களிமண் மணல் வேண்டவே வேண்டாம், முயல் எதையும் கொறித்துப் பார்க்கும், அது வயிற்றில் போய்க் கட்டிக்கொள்ளும். இனிதான் முக்கியமான விஷயம், பலரும் இதைச் செய்யாமல் முயலைக் குறை சொல்கிறார்கள். சாப்பிடுகிற புல்லை டிரேக்குப் பக்கத்திலேயே, எட்டிக் கடிக்கிற உயரத்தில் கட்டித் தொங்க விடுங்கள். முயலுக்குத் தின்பதும் போவதும் ஒரே நேரத்தில் நடக்கிற காரியம். புல் ஒரு பக்கம், டிரே இன்னொரு பக்கம் என்றால் புல் இருக்கிற இடம்தான் கழிவறை ஆகும்.

சுத்தம் செய்யும்போது டிரேயைப் பளிச்சென்று கழுவிவிடாதீர்கள். நனைந்த பேப்பரில் ஒரு துண்டும் ஒரு கைப்பிடி புழுக்கையும் அதிலேயே இருக்கட்டும், அந்த வாசம்தான் அதற்கு முகவரி. வெளியே கிடக்கிற புழுக்கையைக் கூட்டி டிரேக்குள் போடுங்கள். மெத்தை, சோபா, தரை இங்கெல்லாம் நேர்மாறாக, வாசமே இல்லாமல் போக வேண்டும். வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்தால் வாடையும் போகும், மூத்திரம் காய்ந்து படிகிற வெள்ளைச் சுண்ணாம்புக் கறையும் கரையும். ஃபினாயில் ஊற்றாதீர்கள், அது முயலுக்கு நல்லதில்லை. கூண்டுக்கு வெளியே ஓரிரு புழுக்கை எப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கும், அதை மாமியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மூத்திரம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்றே அர்த்தம். இரண்டு வாரம் டிரேயில் தவறாமல் போனால் இன்னும் ஒரு பங்கு இடத்தைத் திறந்து விடுங்கள், மறுபடி தவறினால் பழைய அளவுக்குக் குறையுங்கள். மெத்தை அறை கடைசியாகத் திறக்கட்டும்.

இவ்வளவும் பாதி வேலைதான், மீதி டாக்டரிடம். ஆணா பெண்ணா என்று அவரே பார்த்துச் சொல்வார், கருத்தடை ஆபரேஷன் பற்றியும் கேளுங்கள். ஆபரேஷன் ஆன சில வாரங்களில் இந்த எல்லை போடுகிற பழக்கமும் ஓட்டமும் நன்றாகக் குறையும், டிரே பழக்கமும் அப்போதுதான் நிலைக்கும். பெண்ணாக இருந்தால் நான் இன்னும் அழுத்திச் சொல்வேன், ஆபரேஷன் செய்யாத பெண் முயல்களுக்கு வயதாகும்போது கர்ப்பப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிறது. ஆனால் நாய்க்குச் செய்கிற எல்லோரும் முயலுக்குச் செய்வதில்லை, மயக்க மருந்து கொடுப்பதில் முயல் தனி. முயல்களுக்கு ஆபரேஷன் செய்து பழக்கம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன, முதலில் போனில் விசாரித்துவிட்டுப் போகலாம். ராத்திரி முதல் பட்டினி போட்டுக் கொண்டுவாருங்கள் என்று யாராவது சொன்னால் அது முயலுக்குப் பொருந்தாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும் ஆபத்துதான் உண்டு.

இன்னொன்று, பஞ்சு ஒரு ராத்திரி முழுக்க வெளியே இருந்திருக்கிறது. பெண்ணாக இருந்து அக்கம்பக்கத்தில் யாராவது ஆண் முயல் வளர்த்தால் சினைக்கு வாய்ப்புண்டு. முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு திரிந்தாலோ, தன் மார்பு முடியைப் பிடுங்கி ஓரிடத்தில் சேர்த்தாலோ கூடு கட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சினை இல்லாமலும் சில முயல்கள் இப்படிச் செய்யும், எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண் என்றால் பெரும்பாலும் கறிக்காக வளர்க்கும் பெரிய இனங்களின் வழியில் வந்ததாகத்தான் இருக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற இனங்களை வளர்க்கிறார்கள். அந்த மாதிரி இனம் என்றால் மூன்று நாலு கிலோ வரை வளரும். கையடக்கமாகப் பார்த்து வாங்கிய கூண்டும் தடுப்பும் அதற்குப் போதாது. தடுப்பு மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும், இரண்டடியை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். பக்கத்தில் ஸ்டூலோ அட்டைப்பெட்டியோ இருந்தால் மூன்றடியும் கணக்கில்லை.

கிரில் கேட்டில், தலை நுழைகிற சந்து இருந்தால் உடம்பும் நுழையும் என்பதுதான் கணக்கு. தரையிலிருந்து மூன்றடி வரைக்கும் அரை இஞ்ச் வெல்டு மெஷ் வாங்கி உள்பக்கமாகக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள், சுவரில் ஆணி அடிக்காததால் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மறக்காதீர்கள், முக்கால்வாசி முயல்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. மெல்லிய கோழிவலையும் நைலான் வலையும் முயல் பல்லுக்கு ஈடு கொடுக்காது. நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் மோசமானது. என் முதல் முயல் ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையை ஒரே ராத்திரியில் கடித்துத் திறந்து வெளியே போனது, விடியற்காலை பூனை சத்தம் கேட்டு ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினைந்து வருஷம் ஆகிறது, இப்போதும் யார் வீட்டு ஜன்னலில் கொசுவலையைப் பார்த்தாலும் கீழே ஓட்டை இருக்கிறதா என்றுதான் கண் போகிறது. கூண்டுத் தாழ்ப்பாளுக்கு ஒரு சாவிக்கொத்து வளையமோ சின்னக் கொக்கியோ மாட்டுங்கள், மூக்கால் தள்ளித் திறக்கிற வேலை அதோடு சரி.

விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும்தான் முயலுக்குக் கால் பரபரக்கும் நேரம், பஞ்சு ஓடியதும் சாயங்காலம்தானே. அந்த நேரத்தில் கேட் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது பையனின் வேலையாக இருக்கட்டும். தினமும் அதே நேரத்தில் ஒரு மணி நேரம் அவன் தரையில் உட்கார்ந்து அதனோடு இருக்கட்டும், தூக்க வேண்டாம், அதுவாகப் பக்கத்தில் வரட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டப்பாவைக் குலுக்கி, வந்ததும் கொத்தமல்லித்தழை ஒன்றைக் கொடுத்துப் பழக்குங்கள். பத்து நாளில் டப்பா சத்தத்துக்கு ஓடி வரும். ஓடிப்போன முயலைத் துரத்தினால் இன்னும் தூரம் போகும், இந்தச் சத்தத்துக்கோ திரும்பி வரும். கிடைத்த பிறகு, பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே டாக்டர். பூனை பல் பட்டிருந்தால் காயம் ஊசிமுனை அளவு என்றாலும் உடனே போக வேண்டும்.

கேள்வி: எங்கள் முயல் புழுக்கை டிரேயில்தான் போகிறது. ஆனால் விடியற்காலையில் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று வேறு ஒன்று போட்டு, அதைத் தானே தின்கிறது. மூத்திரமும் ஒருநாள் சிவப்பாக இருந்தது. வியாதியா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தின்பது வியாதி இல்லை, அதைத் தடுக்கவும் வேண்டாம். புல் ஒருமுறை குடலில் போனால் முழுச் சத்தும் சேராது. அதனால் மெத்தென்ற அந்தக் கழிவைத் தின்று இரண்டாவது முறை செரிக்கிறது. தின்னாமல் மிச்சம் விட்டு, அது பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கேரட், பழம், பிஸ்கட், தீவனம் அதிகமாகிப் புல் குறைந்திருக்கும். பிஸ்கட்டை அடியோடு நிறுத்துங்கள், அருகம்புல் மாதிரி புல்தான் முக்கியச் சாப்பாடாக இருக்கட்டும். சிவப்பு மூத்திரம் தின்ற கீரையின் சாயத்தாலும் வரும், ஒரு நாளில் நிறம் மாறிவிட்டால் பயம் இல்லை. முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிவப்பு திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் விட்டால் வேலிக்கு அடியில் தோண்டிப் போய்விடுகிறது. வயலில் இருக்கிற காட்டு முயல் இப்படித் தோண்டிப் பார்த்ததே இல்லையே? திரும்பி வந்தபோது காதெல்லாம் உண்ணி, நாய்க்குப் போடுகிற மருந்து போடலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: மருந்தை முதலில் சொல்கிறேன். நாயின் முதுகில் விடுகிற சொட்டு மருந்துகள் பலவற்றில் இருக்கிற ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம், தொடவே தொடாதீர்கள். உண்ணியைச் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், நிறைய இருந்தால் டாக்டர் எடை பார்த்து வேறு மருந்து தருவார்.

நீங்கள் கவனித்தது சரிதான், இரண்டும் வேறு வேறு பிராணி. நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது, புல்மறைவில் மேலேயே படுக்கும், அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயல் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்கிற முயலின் வம்சம், மண்ணைக் கண்டால் தோண்டத்தான் செய்யும். வேலியோரம் ஒரு முழ அகலத்துக்கு வெல்டு மெஷ்ஷைத் தரையோடு படுக்கவைத்து, வேலிக்கம்பியோடு சேர்த்துக் கட்டி, மேலே மண் போட்டுவிடுங்கள். முயல் வேலியை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும், கம்பி தட்டியதும் விட்டுவிடும். அதன் ஆசைக்கு ஒரு மரப்பெட்டியில் மண் நிரப்பி நிழலில் வைத்தால் அங்கே தோண்டிக்கொள்ளட்டும். நீங்கள் கூடவே இருக்கும்போது மட்டும் தோட்டத்தில் விடுங்கள், உங்கள் பக்கம் கீரிப்பிள்ளையும் நாயும் இருக்கும். மதிய வெயிலில் வேண்டாம், முயலுக்கு வியர்க்காது, சூட்டில் சீக்கிரம் சுருண்டுவிடும்.