சிக்னல் இருக்கிறது, டேட்டா வரவில்லை

கேள்வி: ஆற்று நீர்மட்டம் அளக்கும் டேட்டா லாகர் ஒன்றைப் பராமரிக்கிறேன். சோலார் பேனல், 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, 4ஜி மோடம். பின்னிரவில் தொடர்பு அறுந்துவிடுகிறது. காலை பத்து மணிவாக்கில் தானாகவே வந்துவிடுகிறது. நேரில் போனால் ஒரு குறையும் தெரிவதில்லை. சிம், ஆன்டெனா இரண்டையும் மாற்றியாயிற்று. அலுவலகத்திலிருந்து லாகரின் ஐபிக்கு (இணைய முகவரிக்கு), பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கும் போவதில்லை. சிக்னல் கம்பெனியிடம் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் போவது வெயில் நேரத்தில், கோளாறு வருவது இருட்டில். பிறகு எப்படி அது கண்ணில் படும்?

முதலில் ஒன்றைப் பாருங்கள். தொடர்பு இல்லாத அந்த மணிநேரங்களின் அளவீடுகள் லாகரின் நினைவகத்தில் இருக்கின்றனவா? இருந்தால் லாகர் விழித்திருக்கிறது, படுத்தது மோடம் மட்டும். பெரும்பாலான லாகர்கள் பேட்டரி வோல்டேஜையும் பதிவு செய்யும். அந்த வோல்டேஜ் பதிவை எடுத்து, அறுந்த நேரங்களோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் விடை அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

லாகர் சில மில்லியாம்பியரில் காலம் தள்ளிவிடும். மோடமோ டவரைப் பிடிக்கும் நொடியில் பல நூறு மில்லியாம்பியரை உறிஞ்சும். பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.5 காட்டும், பாரம் ஏறியதும் சரிந்துவிடும். ஆகவே மோடம் இணையும் அந்த நேரத்திலேயே, அதன் முனையிலேயே அளக்க வேண்டும். பேட்டரியின் தலையில் மட்டும் அளந்தால், துருப்பிடித்த கனெக்டரும் நீளமான மெல்லிய வயரும் விழுங்கும் வோல்டேஜ் தெரியாது.

'விடிந்தது ஆறு மணிக்கு, இணைப்பு வந்தது பத்துக்கு, ஏன்?' என்று கேட்பீர்கள். பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் போவதைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் சார்ஜ் கண்ட்ரோலர். மோடத்தை அதன் லோட் முனையில், அதாவது கருவிகளுக்கு மின்சாரம் தரும் முனையில், கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பேட்டரி தாழ்ந்தால் கண்ட்ரோலர் லோடைத் துண்டிக்கும். துண்டித்த அளவுக்கு வோல்டேஜ் ஏறியதும் திருப்பித் தராது, அதைவிட நன்றாக மேலே ஏறிய பிறகே தரும். அந்த ஏற்றத்துக்குத்தான் பத்து மணி வரை வெயில் தேவைப்படுகிறது. மோடம் மென்பொருள் உறைந்து போகிற வழக்கமும் உண்டுதான். ஆனால் உறைந்த மோடம், யாராவது மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை அப்படியேதான் பெரும்பாலும் கிடக்கும். சூரியனைப் பார்த்து எழுந்திருக்காது.

பேட்டரியின் வயது, பேனல் மேல் படிந்த தூசி, வளர்ந்துவிட்ட மரத்தின் நிழல், இந்த மூன்றும் போதும் ஆளைக் கவிழ்க்க. புதுப் பேட்டரி வரும்வரை, லாகரின் ரிலே (லாகரே போட்டு அணைக்கும் சுவிட்ச்) வழியாக மோடத்துக்கு மணிக்குச் சில நிமிடம் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

பிங் விஷயம் தனி. மோடம் வாங்கியிருக்கும் ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், அது சிக்னல் கம்பெனியின் உள்வட்டத்து முகவரி. வெளியிலிருந்து எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது, அது பழுதல்ல. லாகரே உங்கள் சர்வருக்கு டேட்டாவை அனுப்பும்படி மாற்றுங்கள், அல்லது இரு முனைகளையும் இணைக்கும் தனிப்பாதையான விபிஎன் போடுங்கள்.