வார்டில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில்: ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மறுக்க முடியுமா?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வார்டில் இருக்கும் ஒரே சிஸ்டத்தில் சீனியர் சிஸ்டரின் லாகினில்தான் எல்லோரும் எழுதுகிறோம். ஈசிஜி, புண் போட்டோ எல்லாவற்றையும் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார்கள். இதில் தப்பு இருக்கிறதா? முடியாது என்றால் வேலை போய்விடுமா?

பதில்:

தப்பு இருக்கிறது. வேலை போகாமல் மறுக்கவும் வழி இருக்கிறது. நான் கடலூர்க்காரி. முதுநகரில் வீடு, பாண்டியில் வேலை. 19 வருஷமாகக் கன்னியக்கோயில் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கிறேன். அதனால் சட்டத்தைப் பிறகு பார்ப்போம், எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன்.

மெடிக்கல் வார்டு, நைட் டியூட்டி. 28 பெட், நாங்கள் இரண்டு பேர். பத்து மணிக்கு என் லாகினில் சிஸ்டத்தைத் திறந்து வைட்டல்ஸ் ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில் 14-ஆம் பெட் தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அவர் மகன் ஓடி வந்தார். அப்படியே எழுந்து போய்விட்டேன். ஆக்சிஜன், நெபுலைசர், டியூட்டி டாக்டருக்கு போன் எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதற்குள் கூட இருந்த பெண் அதே திறந்த திரையில் தன் பக்கத்து நோயாளிகளுக்குப் போட்ட மருந்தையெல்லாம் ஏற்றி முடித்திருந்தாள். அக்காவுக்கு வேலை மிச்சம் என்று நினைத்திருப்பாள். நானும் "நல்ல வேளைடி" என்றுதான் சொன்னேன்.

விடியற்காலை 21-ஆம் பெட் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஷுகர் 48. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி மீட்டுவிட்டோம். ஆனால் காலை ரவுண்ட்ஸில் திரையைப் பார்த்தால், ராத்திரி இன்சுலின் இரண்டு தடவை போட்டதாகப் பதிவு. இரண்டும் என் பேரில். இன்சுலின் நேரத்தில் 21-ஆம் பெட் பக்கமே நான் போகவில்லை!

விசாரணை வைத்தார்கள். சிஸ்டம் பார்க்கும் தம்பி லாக் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தார். என் எம்ப்ளாயி நம்பர், 11.42, பக்கத்திலேயே 11.44. நிர்வாகத்தில் ஒருவர் "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சிஸ்டர்" என்றார். வராந்தா கேமராவில் அந்த நேரம் நான் 14-ஆம் பெட் அருகே ஆக்சிஜன் சிலிண்டரோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது, அதனால் தப்பித்தேன். அந்தப் பெண்ணும் நல்லவள், தானாகவே வந்து சொன்னாள். முதல் தடவை சேவ் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்கியிருக்கிறாள். ஊசி போட்டது ஒரு தடவைதான். அந்தம்மா ராத்திரி இட்லியைத் தொடாமல் படுத்ததுதான் ஷுகர் இறங்கக் காரணம். இந்தச் சின்ன விஷயம் தெளிவாக மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் வேறு டாக்டர்கள் "இரண்டு டோஸ்" என்ற பதிவை நம்பித்தான் இன்சுலின் அளவை முடிவு செய்தார்கள். எனக்கு வந்த மெமோவை விட அதுதான் பெரிய ஆபத்து.

பேப்பர் கேஸ் ஷீட் காலத்தில் யார் எழுதியது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஒரு சிஸ்டர் முத்து முத்தாக எழுதுவார், என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரே கையெழுத்து. வித்தியாசம் லாகின் ஒன்றுதான். அதைப் பொதுவில் வைத்துவிட்டால் எழுதியது யார், ஊசி போட்டது யார் என்பது யாருக்கும் தெரியாது. டேட்டா செக்யூரிட்டி என்றால் ரகசியத்தை மறைத்து வைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்கும் முன்னால், பதிவில் இருப்பது நடந்ததாக இருக்க வேண்டும். உங்கள் சீனியருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்: "அக்கா, நான் தப்பா ஏத்தினா உங்க பேருல விழும், எனக்குன்னு ஒரு ஐடி வாங்கிக் கொடுங்க." இதற்குக் கோபப்படுகிற சீனியரை நான் பார்த்ததில்லை. நிர்வாகம்தான் இழுக்கும். எங்கள் இடத்தில் ஒவ்வொரு லாகினுக்கும் சாஃப்ட்வேர்க்காரருக்குத் தனிக் காசு, அதனால் வார்டில் என்னைப் போல ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் வைத்திருந்தார்கள். என் விசாரணைக்குப் பிறகுதான் ஆளுக்கு ஒன்று வந்தது.

வாட்ஸ்அப் விஷயம் இவ்வளவு நேரானது அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார், கார்டியாலஜிஸ்ட் லாஸ்பேட்டையில் வீட்டில் தூங்குகிறார். ஈசிஜியை அனுப்பாதே என்று நான் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலே டாக்டர் நோயாளியோடு பேசும் வழிகளில் வாட்ஸ்அப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வம்பு குரூப்பில் இருக்கிறது. உங்கள் வார்டு குரூப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் குரூப்பில் வேலையை விட்டுப்போன இரண்டு டாக்டர்கள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர், எப்படி நுழைந்தார் என்றே தெரியாத ஒரு மருந்து கம்பெனி ரெப் எல்லோரும் இருந்தார்கள்.

இன்னொன்று, நம் போனே நம்மைக் காட்டிக்கொடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சில்வர் பீச் போயிருந்தோம். பையன் அலையில் ஆடுவதைப் படம் எடுத்துவிட்டு போனை நாத்தனாரிடம் கொடுத்தேன். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். பையன், பையன், சுண்டல், அடுத்தது ஒரு கால். சர்க்கரைப் புண், பெருவிரல் கறுத்துப் போனது. குரூப்பில் வந்தது கேலரியில் தானாக உட்கார்ந்திருக்கிறது. முகம் இல்லை, பேர் இல்லை. "ஐயே" என்று முகத்தைத் திருப்பியவர், மறுபடி உற்றுப் பார்த்தார். "அண்ணி, இது நம்ம வலைக்கூடத்து மாமா கால்தானே? இந்த மீன் பச்சை அவருக்குத்தான் இருக்கு."

கணுக்காலுக்கு மேலே மீன் உருவத்தில் பச்சை குத்தியிருந்தது. எனக்கு மண்ணில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவருக்குக் கால் எடுக்கப் போகிறார்கள் என்பது அவர் வீட்டுக்கே அன்று தெரியாது. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணப் பேச்சு.

பேரை அழித்தால் போதும் என்று டிரெயினிங்கில் சொல்வார்கள். பெரிய நகரத்துக்கு அது சரியாக இருக்கலாம். கடலூர், பாண்டி மாதிரி ஊரில் "தேவனாம்பட்டினம், 34 வயது, ஆண், படகிலிருந்து விழுந்தவர்" என்றால் பேரே வேண்டாம், தெருவே கூடி ஆளைச் சொல்லிவிடும். அதனால் நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். குரூப்பில் போடுவதில்லை, பார்க்க வேண்டிய டாக்டர் ஒருவருக்கு மட்டும். ஊர், முகம், கையில் கட்டிய பேண்ட், மச்சம், பச்சை எதுவும் படத்தில் வராமல். ஈசிஜி தாளின் மேல் ஓரத்தில் பேர் அச்சாகி இருக்கும், அதை மடித்துவிடுவேன். ஆனால் ஆள் மாறிவிடக் கூடாது, அதற்கு ஐ.பி. நம்பர் (அட்மிஷன் நம்பர்) போதும். வாட்ஸ்அப் செட்டிங்கில் படம் கேலரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பேக்கப் போட்டிருந்தால் நாம் நேரடியாக எடுக்கும் படம் கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறும், அதையும் பாருங்கள். டாக்டர் பார்த்ததும் அழித்துவிட்டு, எத்தனை மணிக்குச் சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவேன்.

சட்டம் கேட்பீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, பிரிவுகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. அது விழுவது மருத்துவமனை மேல், நர்ஸ் மேல் அல்ல. நிர்வாகத்திடம் பேசும்போது இந்த ஒரு எண் போதும், காது கொடுப்பார்கள். அதற்காக நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட வேண்டாம். வேலை ஒப்பந்தத்தால் கையில் வந்த தகவலை அந்த ஒப்பந்தத்தை மீறி வெளியிட்டால், கெடுக்கும் எண்ணமோ லாப நோக்கமோ இருந்தால், ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 72ஏ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017 சட்டம் தனி. 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது, பதிவைப் பாதுகாக்க ஏற்பாடும் இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு "ரெட்ரோ" என்று பேர் வைத்திருக்கிறோம். "எட்டாம் பெட் ரெட்ரோ, பார்த்து ஊசி போடு" என்று வார்டு நடுவில் கத்துகிறோம். இங்கிலீஷ் மாதிரி இருப்பதால் ரகசியம் என்று நினைப்பு. பெருக்க வரும் ஆயாவிலிருந்து கேன்டீன் பையன் வரை அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். எல்லா நோயாளிக்கும் கிளவுஸ் போட்டால் யாருக்கும் எதையும் கத்திச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

போனில் கேட்பவர்கள் இன்னொரு தலைவலி. "சித்தப்பா பேசுறேம்மா, பொண்ணுக்கு என்னாச்சு?" குரல் பாசமாகத்தான் இருக்கும். 2012 டிசம்பரில் லண்டனில் கிங் எட்வர்ட் செவன்த் மருத்துவமனைக்கு விடியற்காலையில் ஒரு போன் வந்தது. ராணியம்மா பேசுகிறேன் என்று சொன்னது ஆஸ்திரேலிய ரேடியோக்காரர்கள். வரவேற்பில் அந்த நேரம் ஆள் இல்லாததால் எடுத்தவர் இந்தியாவில் பிறந்த ஒரு நர்ஸ். அவர் அழைப்பை வார்டுக்கு மாற்றிவிட்டார், வார்டில் இருந்தவர் இளவரசர் வில்லியமின் மனைவி எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அடுத்த சில நாளில் முதல் நர்ஸ் உயிரோடு இல்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். போனை எடுப்பவருக்கு "இதைத்தான் சொல்லு" என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நம் ஊரிலும் அப்படித்தான். நான் சொல்வது ஒரே வாக்கியம்: "நோயாளி கூட இருக்கிறவங்க நம்பருக்குப் பேசுங்க சார்." போலீஸ் என்றாலும் போனில் கிடையாது, எழுத்தில் கேட்கட்டும், எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு) வழியாகப் போகும்.

புதுச்சேரியில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தை முதலில் சோதித்துப் பார்த்த ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. அந்தத் திட்டத்தில் நோயாளிக்குக் கொடுக்கும் 14 இலக்க ஆபா நம்பர் நம் ஓ.பி. கவுன்ட்டருக்குப் புதுசு இல்லை. அது கட்டாயமில்லை, நோயாளி விரும்பினால்தான். கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போது என்ன நடக்கிறது? "பாட்டி, போனைக் கொடுங்க, ஓடிபி வந்திருக்கும்." பாட்டிக்கு எதற்கு என்றே தெரியாது. ஐடி கார்டு தொங்கினால் ஓடிபி சொல்லலாம் என்று நாமே பழக்கிவிடுகிறோம். அடுத்த வாரம் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ கேட்டால் பாட்டி அவனுக்கும் சொல்லும். அரை நிமிஷம் செலவழித்து எதற்கு என்று சொல்லுங்கள், நம்பரை அவர்களே படிக்கட்டும்.

பாஸ்வேர்டு, வைரஸ் எல்லாம் ஐ.டி.க்காரர் வேலை என்பார்கள். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேரில் (தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) முடங்கின. இரண்டு வாரம் போல வேலை பேப்பரில்தான் ஓடியது. எங்களுக்கு அந்த அனுபவம் 2011 டிசம்பர் 30-இல் தானே புயலிலேயே கிடைத்துவிட்டது. கடலூரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மருந்துச் சீட்டு எழுதினோம். உங்கள் வார்டு அலமாரியில் காலி மருந்து சார்ட் ஒரு கட்டு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

வேலை போகுமா என்பதற்கு வருகிறேன். "முடியாது" என்று ஆரம்பித்தால் சண்டைதான். வாட்ஸ்அப்புக்கு "டாக்டருக்குத் தனியா அனுப்பிட்டேன் அக்கா" என்று முடித்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். லாகினுக்கு இன்சார்ஜ் வழியாக எழுத்தில் ஒரு கோரிக்கை, ஒரு நகல் உங்களிடம். ஐடி வரும் வரை, ஏற்றும் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் உங்கள் பேரையும் நேரத்தையும் டைப் செய்துவிடுங்கள். இடத்தை விட்டு எழும்போது விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அமுக்கினால் திரை பூட்டிக்கொள்ளும். எனக்கு இப்போது வீட்டு லேப்டாப்பிலும் அதே பழக்கம், பையன் திட்டுகிறான்.

மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும், அதைக் கிழிப்பதற்கு முன் மட்டும் இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் கிழித்தேன். காலை ஷிஃப்ட் முழுக்க ஒருவரும் உள்ளே போக முடியாமல், பில்லிங்கில் டிஸ்சார்ஜ் வரிசை வாசல் வரை நின்றது. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது மாதிரி அந்த விசாரணையில்கூட வாங்கியதில்லை.