ஓட்டிசம்: எதை வாசிப்பது, எதை விடுவது?

கேள்வி: இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அக்காவின் மகனுக்கு 4 வயது. அக்கா குவைத்துக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. எங்கள் அம்மாதான் பிள்ளையை வளர்க்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டிவி விளம்பரங்களை அப்படியே ஒப்பிப்பான், ஆனால் பசித்தால் சொல்லத் தெரியாது. டவுனில் ஒருவர் ஓட்டிசம் என்றார், இன்னொருவர் அஸ்பெர்ஜர் என்றார். போனில் தேடினால் கோதுமை மாவை நிறுத்து, பாலை நிறுத்து, ஊசி போடாதே என்றெல்லாம் வருகிறது. பயந்துபோய் மூன்று வயது ஊசியையும் போடாமல் விட்டுவிட்டோம். லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் தாய் விட்டுப் போனதால்தான் இப்படி என்கிறார்கள். எனக்குத் தமிழும் ஓரளவு ஆங்கிலமும் வாசிக்க வரும். நம்பி வாசிக்க என்ன இருக்கிறது?

பதில்: முதலில் அந்த இரண்டு பெயர்களைப் பார்ப்போம். ஓட்டிசம் என்பது பிள்ளை பேசும், மற்றவர்களோடு பழகும் விதத்தைப் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. நீங்கள் எதை வாசிக்க வேண்டும் என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானரும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்ஜரும் ஆகிய இரு வைத்தியர்கள் தாங்கள் பார்த்த இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். பிற்காலத்தில், பேச்சும் அறிவுத்திறனும் பிந்தாமல் பழகும் விதத்தில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அஸ்பெர்ஜர் என்ற பெயர் வழக்கமானது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஓட்டிசம் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அப்படியே மாறிவிட்டது. ஆக, உங்களுக்குச் சொன்ன இருவரும் ஒரே திசையைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 4 வயதில் தேவையைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பழைய கணக்கிலும் அஸ்பெர்ஜர் பொருந்தாது. டோனி அட்வூட் போன்றவர்கள் அந்தப் பெயரில் எழுதிய நல்ல ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசுகிற, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பற்றியவை. இப்போதைக்கு அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

தமிழில் தொடங்க யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ நல்லது. ஓட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன் எழுதியது, அதனால் மருத்துவ வாடை குறைவு. தமிழ்நாட்டு நடைமுறைகளைப் பற்றி அதில் வருவது நமக்குப் பொருந்தாது, அதைத் தாண்டிப் போகலாம். ஆங்கிலத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் ‘பராமரிப்பாளர் திறன் பயிற்சி’ (Caregiver Skills Training) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிபுணர்கள் எட்டாத இடங்களில் உள்ள குடும்பங்களையும் மனதில் வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் வாங்கச் சொல்லாது. சாப்பாடு, குளிப்பு, துணி மடிப்பு என்று வீட்டு வேலைக்குள்ளேயே பிள்ளையைச் சேர்க்கச் சொல்லும். லயக் காம்பராவுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ஓட்டிசம் உள்ளவர்களே எழுதியதும் உண்டு. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண் மூன்றரை வயதுவரை பேசவில்லை, பிறகு பேராசிரியரானார். ஆறுதலுக்கு வாசியுங்கள், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் நடக்கும் என்று அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஓட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்கும் ‘எம்-சாட்’ என்ற 20 கேள்வித் தாளும் உங்கள் தேடலில் வந்திருக்கும். அது 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. உங்கள் பிள்ளைக்கு அதை நிரப்பிப் பார்ப்பதில் பயனில்லை.

வாசித்ததில் பத்தையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம், ஒன்றைச் செய்யுங்கள். விளம்பரத்தை ஒப்பிக்கிறான் என்றீர்களே, அது வீணான பழக்கம் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் பேச்சைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் மொத்தமாக எடுத்துக்கொள்வதுண்டு. தேத்தண்ணி வேண்டுமென்றால் “தேத்தண்ணி வேணுமா?” என்றே அவன் சொல்லக்கூடும், அம்மாயி (உங்கள் அம்மா) அவனிடம் அப்படித்தானே கேட்கிறார்? அதனால் அம்மாயி கேள்வியாகக் கேட்காமல், அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்தில் நின்று சொல்லட்டும்: “தேத்தண்ணி வேணும்.” கோப்பை அவன் கண்ணில் படட்டும், கைக்கு எட்ட வேண்டாம். மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருக்கச் சொல்லுங்கள். பார்வையோ, கை நீட்டலோ, ஒரு சத்தமோ எது வந்தாலும் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு உடனே கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் தரமாட்டேன் என்று பட்டினி போடுவது கூடாது. எல்லாம் தமிழிலேயே நடக்கட்டும். ஆங்கிலமோ சிங்களமோ பேசினால் சீக்கிரம் பேசுவான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அம்மாயிக்கு வராத மொழியில் வீடே வாயடைத்துப் போகும்.

இனி விட வேண்டியவை. மாவையும் பாலையும் நிறுத்தினால் ஓட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ரொட்டியும் பால்மாவும்தான் பாதிச் சாப்பாடு என்றிருக்கும் வீட்டில் அவற்றையும் எடுத்துவிட்டால், ஏற்கெனவே நாலு பண்டம் மட்டும் தின்கிற பிள்ளை எதைத் தின்னும்? இரத்தத்திலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ஏற்றும் மருந்தின் பக்கமே போகாதீர்கள். 2005இல் அமெரிக்காவில் 5 வயதுப் பையன் ஒருவன் அதனால் இறந்தான். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் அந்த வரிசைதான். குணமாக்குகிறேன் என்று சொல்லி, அதே பக்கத்தில் பணமும் கேட்டால் மூடிவிடுங்கள். போன் பார்ப்பதால் ஓட்டிசம் வராது. ஆனால் போன் கையில் இருக்கும் நேரம் அவனோடு யாரும் பேசாத நேரம், குறைக்க வேண்டிய காரணம் அதுதான்.

சின்னமுத்துத் தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்ற கதை 1998இல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் தொடங்கியது. அதில் மோசடி இருந்தது தெரியவந்து 2010இல் அந்தச் சஞ்சிகையே அதை மீளப்பெற்றது. எழுதியவர் வைத்தியர் பதிவையும் இழந்தார். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தும் எந்தத் தொடர்பும் காணவில்லை. சின்னமுத்துத் தடுப்பூசியின் இரண்டாவது டோஸ் நம் நாட்டில் 3 வயதில். தவறவிட்டதை அடுத்த கிளினிக்கிலேயே போட்டுவிடுங்கள்.

லயத்துப் பேச்சுக்கு வருகிறேன். தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று 1950, 60களில் பெரிய டாக்டர்களே எழுதினார்கள். அது தவறென்று எப்போதோ கைவிடப்பட்டது. மரபணுக்களுக்குத்தான் இதில் பெரும் பங்கு. மூளை வளர்ச்சியின் வேறுபாடு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இதை அக்காவுக்கு நீங்களே எழுதி அனுப்புங்கள். வீடியோ கோலில் “அம்மா சொல்லு, அம்மா சொல்லு” என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, அவனுக்குப் பிடித்த விளம்பரப் பாட்டைப் பாடி, கடைசிச் சொல்லை மட்டும் அவனுக்கு விடச் சொல்லுங்கள்.

சரி, இதெல்லாம் வைத்தியசாலைக்குப் போவதற்குப் பதிலாக அல்ல. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது பார்க்க வேண்டும். விளம்பரப் பாட்டு கேட்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, குறைவாகக் கேட்கும் காதுக்கும் டிவி சத்தம் போய்ச் சேரும். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃபிடம் சொல்லி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் வழியாகக் கிளங்கன் வைத்தியசாலையின் பிள்ளை டாக்டரிடம் போங்கள். அங்கிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கும் அனுப்பலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. கிளினிக் புத்தகத்தோடு, அவன் தன்பாட்டில் விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் அழுகிற பிள்ளையை வைத்து எந்த டாக்டராலும் முழுதாகச் சொல்ல முடியாது. சிங்களம் தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள். பிள்ளையைப் பற்றிச் சொல்ல அம்மாயியே வர வேண்டும், பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, ஒருநாள் போகாவிட்டாலும் பரவாயில்லை.

திடீரென்று வெறித்துப் பார்த்தபடி உறைந்து போகிறான், வலிப்பு வருகிறது, அல்லது தெரிந்த சொற்களையும் மறக்கிறான் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.