பானட்டைத் திறந்தால் ஏதாவது புரிய வேண்டும்: வாசகர் கேள்வி - பதில்

கே: அம்பாசிடர் மாதிரி ஒரு வண்டி இனி வருமா? (வாசகர், திருநெல்வேலி)

வராது, வரவும் வேண்டாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை 1950-களின் கடைசியில் இங்கே கொண்டுவந்து, 2014 வரை கிட்டத்தட்ட அதே உடம்பில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்துகொண்டிருந்தார்கள். கிரில் மாறியது, நடுவில் ஜப்பானின் இசுசு இன்ஜின் வந்தது, மற்றபடி பெரிசாக ஒன்றுமில்லை. அம்பாசிடரை இன்றும் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்கள், ஓட்டினவர்களைக் கேட்டுப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத அந்த வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பி நிறுத்துவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். சித்திரை வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு இழுக்காமல் நடுரோட்டில் நின்றுவிடும். டிரைவர் இறங்கி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு நிதானமாக ஒரு பீடி பற்றவைப்பார், அதுவும் திறந்த பானட்டுக்குப் பக்கத்திலேயே! இடம் தாராளம், மேடு பள்ளம் தெரியாது, அதெல்லாம் சரி. ஆனால் கல்யாணத்துக்குப் போகிற வழியில் பாதி நேரம் புளியமரத்தடியில் நின்றதை எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

கே: அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலேயே கார் செய்தார்களா? (கல்லூரி மாணவி, நாமக்கல்)

செய்தார்களே! சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1960-களில் அவர்கள் விட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று என் பெரியப்பாவிடம் இருந்தது. அதன் அழகே பானட்தான். மற்ற வண்டிகளில் மூடி மட்டும்தான் திறக்கும், இதில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாகச் சாயும். இன்ஜின், முன்சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். பெரியப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, மடியில் ஸ்பேனர் செட்டை வைத்து பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். எது எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்கிற பொடியனுக்கும் புரிந்துவிடும். வண்டி நன்றாக இருந்ததா என்றால் சுமார்தான், கிளம்புவதற்கு நல்ல மனநிலை வேண்டும் அதற்கு. அப்புறம் 1985-இல் இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பில் பழைய 2 லிட்டர் இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று விட்டார்கள். விலையும் அதிகம், எடுபடவில்லை, கொஞ்ச வருஷத்தில் கம்பெனியே படுத்துவிட்டது.

கே: நம் நாட்டை மாற்றிய கார் எது? (வாசகர், ஓசூர்)

மாருதி 800, சந்தேகமே வேண்டாம். 1983 டிசம்பரில் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும் என்பதையே அதிசயமாகப் பார்த்தோம்!

கே: மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து மதுரை போகிறேன். எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா? 'இதெல்லாம் ஒரு காரா' என்கிறார் மாமனார். (வாசகி, தாம்பரம்)

முதலில் மாமனாரிடம் சொல்லுங்கள், இது பெட்ரோல் கார் அளவுக்கே பழைய சமாச்சாரம். 1900 வாக்கில் அமெரிக்க நகரங்களில் எலெக்ட்ரிக் கார்கள் சர்வசாதாரணம், ஸ்டார்ட் செய்ய ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டாம், புகை கிடையாது. பெட்ரோல் கார் மலிவானதும், 1912-இல் காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் சேர்ந்துதான் அதை ஓரங்கட்டின. பெங்களூரிலேயே 2001-இல் ரேவா என்ற எலெக்ட்ரிக் கார் ஓடியது.

வீட்டில் சொந்தமாக நிறுத்த இடமும் சார்ஜ் போட பிளக் பாயிண்டும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மதுரைக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். கம்பெனி சொல்கிற தூரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், ஏசி போட்டு நூறில் போனால் கணிசமாகக் குறையும். வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்று முன்னாலேயே பார்த்து வையுங்கள். 80 சதவீதம் ஏறியதும் கிளம்பிவிடலாம், அதற்கு மேல் ஆமை வேகம்தான்.

என் கவலை வேறு. கிளட்ச், இன்ஜின் ஆயில், சைலன்சர் எதுவும் இல்லாத வண்டி, கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை, ரொம்ப சந்தோஷம். ஆனால் ஏதாவது ஒன்று கெட்டால் தெருமுனை மெக்கானிக்கால் தொடவும் முடியாது. உள்ளே சில நூறு வோல்ட் இருக்கிறது, தொடவும் கூடாது. கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் என்ன கோளாறு என்றே தெரியும். பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருஷம் வாரண்டி தருகிறார்கள், சரி, ஒன்பதாவது வருஷம் யார் திறப்பார்கள்? ஐ.டி.ஐ. பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, உதிரிபாகத்தை வெளியிலும் விற்றால் ஒழிய இது பணக்காரர்களின் இரண்டாவது காராகவே இருந்துவிடும். வாங்கும்போது ஷோரூமில் இந்த ஒன்பதாவது வருஷக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் டச் ஸ்கிரீனைக் காட்டினால் அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.

கே: தாத்தாவின் பழைய பத்மினி கார் ஷெட்டில் தூங்குகிறது. விற்கவா, ஓட்டவா? (வாசகர், காரைக்குடி)

வண்டியின் அடித்தளத்தில் துரு இல்லையென்றால் ஓட்டுங்கள். டேங்கில் கிடக்கிற பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும். ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது எப்போது முடிந்தது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.